இது மறையும் சூரியன்

நீங்கள்தானே ஸ்டூடியோ தம்பி? தோளில் பையைப் பார்த்ததுமே நினைத்தேன். நான் இன்னாசிமுத்து. உங்களைப் போனில் கூப்பிட்டு வரச்சொன்ன பிலோமினா என் மனைவிதான். வருவாள். தையல் கடையைப் பூட்டி, வழியில் நாலு வீட்டுப் படியேறி ஓட்டுக் கேட்டு, அப்புறம்தான் கடற்கரைக்கு இறங்குவாள். வேட்பாளர் இல்லையா. உட்காருங்கள். அந்தப் பாறை வேண்டாம், பாசி. இந்தப் பக்கம் வாருங்கள்.

அவசரம் ஒன்றுமில்லை. போஸ்டருக்கு ஒரு படம், அவ்வளவுதானே. நாளைக் காலையில் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருப்பாள். சொன்னாளா? நல்லது. வீட்டிலேயே ஒரு போட்டோக்காரன் இருக்கும்போது நாகர்கோவிலிலிருந்து எதற்கு ஆளை வரவழைக்கிறாள், அதைச் சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்குப் பேச்சு குறைவு. நான் சொல்கிறேன். உங்கள் வேலையை நீங்கள் ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால் அது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அங்கே பாருங்கள், மேற்கே. அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே மெலிசாக ஒரு மேகம் கிடக்கிறதா? அதுதான் வேண்டும். மேகம் இல்லாத அஸ்தமனம் உப்புப் போடாத மீன்குழம்பு. சூரியன் அந்த மேகத்துக்குள் போய்க் கீழே வரும்போது ஒரு நிறம் வரும். அந்த நிறத்துக்குப் பெயர் கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

கேமரா என்ன? காட்டுங்கள். ம். பரவாயில்லை.

நான் சார்ஜாவில் பதினெட்டு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தேன் தம்பி. கூட இருந்தவர்கள் வெள்ளிக்கிழமையானால் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள், ஊருக்குப் போன் போட்டு அழுவார்கள். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவேன். மழை கிடையாது அங்கே. ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் சூரியன் மறைவதை எடுத்திருக்கிறேன். எடுத்ததைப் பிரிண்ட் போட்டு இவளுக்கு அனுப்புவேன். இவள் போனில் என்ன கேட்பாள் தெரியுமா? "ஒங்க மூஞ்சி இருக்க படம் ஒண்ணு அனுப்புங்களேன். மெலிஞ்சிட்டீங்களா தடிச்சிட்டீங்களான்னு பாக்கணும்." அடுத்த வாரம் இன்னும் நல்ல அஸ்தமனம் ஒன்றை அனுப்புவேன். அதைப் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் காட்டி, "இது அங்கத்த சூரியனாம்" என்பாளாம். ரசனை என்பது ஒருநாளில் வருவதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன தேர்தல்.

போன தடவைதான் எங்கள் வார்டைப் பெண்கள் வார்டு ஆக்கினார்கள். பிலோமி நிற்கிறேன் என்றாள். கட்சி கிட்சி கிடையாது, சுயேச்சை. எதற்கு நிற்கிறாய் என்று கேட்டேன். "கடக்கரைக்குப் போற பாதைல லைட்டு போடணும்" என்றாள். இதோ நமக்குப் பின்னால் மேட்டிலிருந்து இறங்குகிறதே, அந்தப் பாதைதான். மீன் ஏலம் முடிந்து பெண்கள் கூடையோடு ஏறிப் போகும்போது இருட்டிவிடும். வழுக்குகிறதாம், நாய் வருகிறதாம், குடித்துவிட்டு நிற்கிறவன்கள் கூடையை இழுக்கிறான்களாம். உலகமே சூரியன் மறைவதைப் பார்க்கக் காரெடுத்துக்கொண்டு இங்கே வருகிறது. மறைந்த பிறகு என்ன ஆகும் என்பது இவளுக்குக் கவலை.

அந்தப் பாதை நெடுகக் கம்பம் நட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மேட்டிலிருந்து நான் எடுக்கிற அத்தனை படத்திலும் குறுக்கே கம்பம். கம்பிகள். அதில் காக்கா வேறு. சொன்னேன். அவள் தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

ஆனாலும் நான் குறுக்கே நிற்கவில்லை தம்பி. மனைவி முன்னேறுவதைத் தடுக்கிற ஆள் நான் இல்லை. போஸ்டரை என்னிடம் விடு என்றேன். அது ஒன்றுதான் நான் கேட்டது.

அவளுக்குக் கொடுத்த சின்னம் கத்தரிக்கோல். அவளே கேட்டு வாங்கினாள். இந்த வார்டில் அவளிடம் ஜாக்கெட் தைக்காத பெண் கிடையாது. அவள் தம்பி ததேயு குதித்தான். "அக்கா செயிச்ச மாதிரிதான் அத்தான்! அக்கா மூஞ்சி, பக்கத்துல ஒரு பெரிய கத்தரிக்கோல். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான். லாரி டிரைவர். அவனுக்கு லாரியின் பின்னால் எழுதுகிற அளவுக்குத்தான் கலை தெரியும்.

நான் பிலோமியை இங்கே அழைத்து வந்தேன். இதே இடம். இதே நேரம். புதுச்சேலை கட்டியிருந்தாள், கிளிப்பச்சை. அதற்கென்று ராத்திரி உட்கார்ந்து ஜாக்கெட் தைத்திருந்தாள். பவுடர் போட்டு, பூ வைத்து, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்து நின்றாள். நான் அவளைச் சூரியனுக்கு முன்னால் நிறுத்தினேன். பாதி திரும்பச் சொன்னேன். முகவாயை உயர்த்தச் சொன்னேன்.

"சிரிக்கட்டா?" என்று கேட்டாள்.

"சிரித்தாலும் சரி, சிரிக்காவிட்டாலும் சரி, தெரியப்போவதில்லை" என்றேன்.

"பின்ன எதுக்கு இந்தச் சேல?"

"அதுவும் தெரியாது. நீ கறுப்பாகத் தெரிவாய். வெறும் உருவம். பின்னால் வானம் முழுக்கப் பற்றி எரியும்."

முந்தானையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம், "ஓட்டுப் போடுறவியளுக்கு நாந்தான்னு எப்பிடித் தெரியும்?" என்றாள். கீழே பெயர் இருக்கிறதே என்றேன்.

தம்பி, அந்தப் படம் மாதிரி ஒரு படம் நான் அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை. சூரியன் தண்ணீரைத் தொடுகிற அந்த நொடி. அவள் தோளுக்கு மேலே முழு வட்டம். கத்தரிக்கோலைப் போட இடமே இல்லை. எங்கே வைத்தாலும் கண்ணை உறுத்துகிறது. கடைசியில் வலது பக்கம் கீழ் மூலையில், ஒரு தீப்பெட்டி அளவுக்கு வைத்தேன். பிரஸ்காரர் நல்ல மனிதர், பெரிதாக்கட்டுமா என்று மூன்று தடவை கேட்டார். வேண்டாம் என்றேன். ததேயு பார்த்துவிட்டு, "அத்தான், அக்கா எங்க அத்தான்?" என்றான். காட்டினேன். "கத்தரிக்கோல் எங்க?" என்றான். அதையும் காட்டினேன். தலையில் கைவைத்து உட்கார்ந்தான். நல்ல படத்தைப் பார்த்தால் சிலருக்கு அப்படி ஆகும்.

ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டினோம். விடிந்ததும் என்ன நடந்தது தெரியுமா? மீன் விற்கிற மரியபுஷ்பம் மாமி தெருமுனையிலிருந்தே நெஞ்சில் அடித்துக்கொண்டு வருகிறாள். "எம் பிலோமி போயிட்டியே! நேத்துதானே மக்ளே எனக்க கிட்ட ஓட்டுக் கேட்டே!" பிலோமி வாயில் நூலைக் கடித்தபடி மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். "ஆரு மாமி போனா?" என்று இவளும் எழுந்து ஓடுகிறாள்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று நினைத்துவிட்டார்கள் தம்பி! கறுப்பாக ஒரு ஆள், சாயங்கால வானம், கீழே பெயர். இவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் செத்தவர் படம் அல்லது கட்சித் தலைவர் படம். நடுவில் ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கரையில் ஏலத்தை நிறுத்திவிட்டார்கள். கோயில் உபதேசியார் சாவு மணி அடிக்கட்டுமா என்று கேட்டு ஆள் அனுப்பினார். ஒருவர் மாலையே வாங்கி வந்துவிட்டார். வாங்கியதைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது, மாதாவுக்குப் போட்டோம்.

பிலோமி அன்றைக்கு முழுக்க வீடு வீடாகப் போய் உயிரோடு இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வகையில் பிரச்சாரம்தானே அது? நான் சொன்னேன், அவள் ரசிக்கவில்லை.

அது அடங்கியது. அடுத்தது வந்தது. எங்கள் வார்டில் சூரியன் சின்னத்தில் நின்றது லாசர் மனைவி. லாசர் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறவர். அவர் நாலு பேரோடு வந்தார். "ஓய் இன்னாசி, எனக்க பொண்டாட்டிக்க சின்னத்த ஒம்ம பொண்டாட்டி போஸ்டர்ல எதுக்கு ஓய் போட்டீரு?" என்றார்.

"அது உங்கள் சூரியன் இல்லை. உங்களுடையது உதிக்கிறது. இது மறைகிறது" என்றேன்.

அவர் போஸ்டரைக் கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். "ரெண்டும் ஒண்ணு போலத்தான் ஓய் இருக்கு" என்றார்.

புகார் கொடுத்துவிட்டார். தேர்தல் வேலையாக வந்த ஒரு அதிகாரி, பாவம் சின்ன வயது, வெயிலில் அலைந்து களைத்திருந்தார். அவரிடம் பொறுமையாக விளக்கினேன். காலைச் சூரியனில் சிவப்பு இவ்வளவு அடர்த்தியாக வராது, பகல் முழுக்கக் கிளம்பிய தூசிதான் இந்த நிறம் என்று சொன்னேன். அவர், "போட்டோல எப்படி சார் தெரியும், உதிக்குதா மறையுதான்னு?" என்றார். திசையைப் பாருங்கள், இது மேற்குக் கடல் என்றேன். அவர் போஸ்டர் ஒட்டியிருந்த சுவரைக் காட்டினார். "இது கிழக்குச் சுவர் சார்" என்றார். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

குழப்பம் வராமல் ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். செய்தேன். அன்றைக்கே பிரஸ்ஸுக்குப் போய் நீளமாக ஒரு துண்டுத்தாள் அச்சடித்தேன். 'இது மறையும் சூரியன்.' ஒவ்வொரு போஸ்டரிலும் பிலோமினா என்ற பெயருக்கு நேர் மேலே ஒட்டினேன். இதைவிடத் தெளிவாக ஒருவன் என்ன சொல்ல முடியும்?

பிலோமி சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது அதைப் பார்த்தாள். மேலிருந்து கீழே வாசித்தாள். "இது மறையும் சூரியன் பிலோமினா." இன்னொரு தடவை வாசித்தாள். அப்புறம் உள்ளே போய் அரிசி களைந்தாள்.

லாசர் மட்டும் மாறிவிட்டார் தம்பி. அதுதான் எனக்கு ஆச்சரியம். முதல்நாள் சண்டைக்கு வந்த மனிதர், ரெண்டு நாள் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தார். புகாரைத் திரும்ப வாங்கிவிட்டாராம். "வேய், போஸ்டர் மிச்சம் இருக்கா? பின்தெருவுல ஒண்ணுமே காணல்லியே" என்றார். கொடுத்தேன். அவர் ஆட்களே பசை காய்ச்சி ஒட்டினார்கள். கிழக்குத்தெரு, பின்தெரு, ரேஷன் கடைச் சுவர், ஒரு இடம் விடவில்லை. எதிர்க்கட்சிக்காரர், ஐஸ் வியாபாரி. அவரை ஒரு படம் அப்படி மாற்றிவிட்டது. கலை யாரை எப்போது தொடும் என்று சொல்ல முடியாது. ததேயுவிடம் இதைச் சொன்னபோது அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், அதை விடுங்கள்.

ஓட்டு நாளன்று சாயங்காலம் பெண்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள். மரியபுஷ்பம் மாமிதான் முதலில். "மக்ளே, ஒனக்குத்தான் போட்டேன். சூரியன்ல நல்லா அமுத்திப் போட்டேன்" என்றாள். பிலோமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சரி மாமி" என்றாள். பின்னால் இன்னொருத்தி. "நானும் சூரியன்லதான் அக்கா. மெஷின்ல ஒங்க சூரியனத் தேடிக் கண்டுபுடிச்சிட்டேன்." அவளிடமும் சரி என்றாள். எல்லோருக்கும் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். ஒருத்தியிடம்கூட, நீ தப்பாகப் போட்டுவிட்டாய் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் தம்பி. இவர்கள் எப்போதுதான் கற்றுக்கொள்வார்கள்? மூலையில் கத்தரிக்கோல் இருந்ததே. கிட்டே போய்ப் பார்த்தால் தெரியுமே.

லாசர் மனைவி ஜெயித்துவிட்டார். கொஞ்ச ஓட்டுதான் வித்தியாசம். வெற்றி ஊர்வலம் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. லாசர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து எனக்கு மாலை போட்டார். எனக்கு! கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஒம்ம மாதிரி ஒரு கலைஞன் இந்த ஊருக்கு வேணும் ஓய்" என்றார். தோற்றவன் வீட்டு வாசலில் வந்து நின்று எவன் இப்படிச் சொல்வான்? உள்ளே வந்து பிலோமியிடம் சொன்னேன். அவள் கதவைச் சாத்தினாள். வெடிப்புகை உள்ளே வருமே.

திட்டியிருந்தால்கூட ஒன்றுமில்லை. திட்டவில்லை. மிஞ்சிய போஸ்டர் கட்டுகளையெல்லாம் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதன் பின்பக்கத்தில்தான் ஜாக்கெட்டுக்கு அளவு வரைந்து வெட்டுகிறாள். ஐந்து வருஷமாக இந்த வார்டில் ஒவ்வொரு பெண்ணும் போட்டுக்கொண்டிருப்பது என் சூரியனை வெட்டித் தைத்தது. நேரில் போய்ப் பார்த்தேன். கைக்குழி வருகிற இடத்தில் சரியாக அடிவானம்.

பாதையில் விளக்கு வரவில்லை. லாசர் மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை, நினைவில்லை, அவ்வளவுதான். போன வருஷம் மரியபுஷ்பம் மாமி ஏலம் முடிந்து ஏறும்போது விழுந்து இடுப்பு முறிந்தது. அங்கே, அந்த வளைவில். இப்போது படுக்கையில்தான் இருக்கிறாள். கூடையில் இருந்த சாளை மீன் பாதை முழுக்கச் சிதறி, மறுநாள் காலையில் நான் கேமராவோடு வந்தபோது ஒரே நாற்றம். மாமிக்குக் கண் பார்வை முன்னாலேயே சரியில்லை. இதை யாரும் பேசுவதில்லை. பிலோமி அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வார்த்தைதான் சொன்னாள். "மறுபடி நிக்கப் போறேன்." நான், "போஸ்டர்..." என்று ஆரம்பித்தேன். "ஒங்களுக்கு வேண்டாம் அந்தச் சள்ளை" என்றாள். என் சிரமத்தை நினைத்துத்தான் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன்.

இந்தத் தடவையும் கத்தரிக்கோல்தான். பேசாமல் ஒரு நல்ல படத்தை நானே தேடி எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று பெட்டியெல்லாம் திறந்து பார்த்தேன். கல்யாணமானதிலிருந்து எடுத்தது அத்தனையும் இருக்கிறது. அவள் இருக்கிற படங்கள் நிறைய. எல்லாவற்றிலும் முதுகு, அல்லது கறுப்பு உருவம், அல்லது தூரத்தில் ஒரு புள்ளி. முகம் தெரிகிற மாதிரி ஒன்றுகூட இல்லை. அப்படி ஒரு ஒழுங்கு! ஒரு கலைஞனின் பார்வை என்றால் அதுதான். கண்காட்சியே வைக்கலாம். அவளிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள்.

ஆனால் நேற்று அவள் உங்களோடு போனில் பேசியதைக் கேட்டேன். கடற்கரைக்கு வாங்க, சூரியன் அடையிறதுக்கு முன்னால வாங்க என்றாள். கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஐந்து வருஷம் ஆனாலும் புரிந்துகொண்டாளே. கடைசியில் அஸ்தமனத்துக்கே வந்துவிட்டாள், ஆனால் என்னிடம் கேட்க வெட்கம், வெளியாளைக் கூப்பிடுகிறாள். அதனால்தான் முன்னாடியே வந்து உங்களைப் பிடித்தேன். அவளை இங்கே நிறுத்துங்கள், நான் கோடு போட்டு வைத்திருக்கிறேன் பாருங்கள். நீங்கள் அங்கே முட்டி போட்டு உட்காருங்கள். முகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

அதோ, வந்துவிட்டாள். கூட ததேயு. அதே கிளிப்பச்சைச் சேலை, பார்த்தீர்களா? பத்திரமாக வைத்திருக்கிறாள்.

வா பிலோமி. தம்பிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். இங்கே வந்து நில். இங்கே. கோடு தெரியவில்லையா? ஏன் அங்கேயே நிற்கிறாய், பாதை வாயில்? அங்கே என்ன இருக்கிறது? தம்பி, நீங்கள் எங்கே போகிறீர்கள்? என்ன சொல்கிறாள்? கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்கிறாளா? யாரை, உங்களையா?

பின்னால் பாதை தெரிய வேண்டுமாம். கம்பம் இல்லாத பாதை. வெயில் முகத்தில் நேராக விழ வேண்டுமாம். அதற்குத்தான் இந்த நேரமாம். கேட்டீர்களா? இப்படி ஒரு வானத்தை வைத்துக்கொண்டு, அதை ஒரு டியூப்லைட் மாதிரி உபயோகிக்கிறாள். தம்பி, நீங்களாவது சொல்லுங்கள். நீங்கள் படித்தவர். ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்கள், சூரியன் மேகத்துக்குக் கீழே வந்துவிட்டது. அந்த நிறம். நான் சொன்னேனே. இதோ, இப்போது. ஒரு நொடிதான் இருக்கும்.

திரும்ப மாட்டேன் என்கிறீர்கள்.

ததேயு, நீ எதற்குச் சிரிக்கிறாய்? பிலோமி, நீயும் சிரிக்கிறாயா? சிரி, சிரி. இந்தத் தடவை தெரியும்.

என்ன தம்பி? நானா? நான் எதை மறைக்கிறேன்? நான் உங்களுக்குப் பின்னால்தானே நிற்கிறேன்.

நிழலா? எங்கே? ஆமாம், நீளமாகத்தான் போகிறது. அவள் முகத்திலா விழுகிறது? சரி. நகருகிறேன். இவ்வளவு போதுமா?

இன்னும் கொஞ்சமா? சரி. இதோ.

இப்போது?